இரண்டு மலைக்கு ஒரு தேங்காய்

பலெர்மோ
21 மே 2024

சறோஜாவுக்கு,

உன் புருஷன் றோபேட் மலையில் விழுந்துவிட்டான். வலது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிவு. உயிருக்கு மோசமில்லை. இதை எழுதிவிட்டுத்தான் உன் சுகத்தை விசாரிக்கிறேன். சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் நோவைத் தவிர ஒரு குறையும் இல்லை.

இவ்வளவும் போனில் சொல்லிவிட்டேன். மிச்சத்தை எழுதுகிறேன். போன நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் போனில் கதைத்தால் ஒன்றில் நான் கத்துகிறேன், இல்லாவிட்டால் நீ வைத்துவிடுகிறாய். நீ தபாலகத்துக்கு அதிபராக இருக்கிறவள். கடிதத்துக்கு மறுமொழி போடாமல் விடமாட்டாய்.

பன்னிரண்டாம் திகதி ஞாயிறு பின்னேரம் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டி பிரித்துக்கொண்டு நின்றேன். கறபினியேரிப் பொலிஸ் போன் எடுத்தது. "சினோரா, சலினாத் தீவில் மலையில் ஒருவன் விழுந்து கிடந்தான். காலில் சப்பாத்து இல்லை, கையில் பேப்பர் இல்லை. கள்ளப் படகில் வந்து இறங்கியவன் என்று நினைத்தோம். பிறகு கோயில் வாசலில் ஒரு பை கிடந்தது. அதற்குள் வதிவிட அனுமதிப் பெர்மெஸ்ஸோவும் உங்கள் கடை அட்டையும் இருந்தன" என்றான். என் தம்பி மொண்டெல்லோக் கடற்கரையில் றெஸ்ரோறன்ற் குசினியில் நிற்கிறான், நீங்கள் ஆளை மாறிக் கதைக்கிறீர்கள் என்றேன். அவன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தான். 

அடுத்த நாள் விடிய ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரயில் ஏறி மிலாட்ஸோவுக்குப் போனேன். அங்கேதான் ஆஸ்பத்திரி. காலில் கம்பி போட்டுப் படுத்துக் கிடக்கிறான்.

"உன்ரை சப்பாத்து எங்கையடா?"

"கோயில் வாசல்லை கழட்டி வைச்சனான் அக்கா."

"மொண்டெல்லோவிலை எங்கையடா மலை?"

சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். அப்போது நேர்ஸ் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். உள்ளே ஒரு தேங்காய். நெஞ்சோடு கட்டிப் பிடித்தபடி கிடந்தானாம், ஹெலிகொப்ரரில் ஏற்றும்போதும் விடவில்லையாம். பார்த்தால், சறோஜா, அதில் என் கடை ஸ்ரிக்கர். அந்தத் தேங்காயின் மூன்று கண்ணும் என்னைப் பார்த்துச் சிரித்தன. முப்பது வருடம் இந்த இத்தாலியில் எத்தனையோ கண்டேன். வீடு வீடாகத் துடைத்தேன், பையில் மிளகாய்த்தூள் விற்றேன், கடை போட்டேன். இப்படி ஒருநாளும் திகைத்து நின்றதில்லை.

பிறகு விசாரித்தேன். மொண்டெல்லோ வேலை முழுப்பொய். இரண்டு வருடமாக மாரி கழிந்த பிறகும், கோடை கழிந்த பிறகும் இவன் அந்தத் தீவில்தான். மார்த்தினா என்று ஒரு பெட்டை, வெளிநாட்டுச் சனத்தை இரண்டு மலைக்கும் நடத்திக்கொண்டு போகிற கொம்பனி வைத்திருக்கிறாள். இவன் அதில் "கடைசி ஆள்". வரிசையின் வாலில் நடப்பதுதான் வேலையாம். கடையின் மேல்மாடிக்கு ஏறப் பஞ்சிப்படுகிற என் தம்பி! காசு கொடுத்து மலை ஏறுகிற சனம் உலகத்தில் இருப்பதே எனக்குப் புதினம்.

நான் சும்மா இருக்கவில்லை. படகேறித் தீவுக்குப் போய், றோபேட் இனி வரமாட்டான் என்று மார்த்தினாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். லேனி என்ற ஊரில் ஒரு வீட்டில் இருந்திருக்கிறான். தனி ஆளுக்குப் பெரிய கட்டில், புதுத் திரைச்சீலை, சட்டி பானை. என்ன ஆடம்பரம்! எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு, சாவியை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது இங்கே கடைக்கு மேல் அறையில் படுத்திருக்கிறான். அவனுடைய போன் விழுந்ததில் நொறுங்கிப் போயிற்று. என் போனைக் கொடுத்தால் உன்னோடு "ஓம், ஓம்" என்பதைத் தவிர வேறு கதை இல்லை.

நீ கவலைப்படாதே. மிச்சத்தை நான் பார்க்கிறேன்.

உன் மச்சாள்
கிளறா


அளவெட்டி
10 யூன் 2024

மதிப்புக்குரிய மச்சாளுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கும் முழங்காலுக்கும் கடவுளை வேண்டுகிறேன். இங்கே மழை இல்லை, கிணறு வற்றவில்லை.

உங்கள் கடிதம் பதினெட்டு நாளில் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய் அவரைப் பார்த்ததற்கு நன்றி. கேட்க வேண்டியவை மூன்றே மூன்று. அவருடைய சப்பாத்து கிடைத்ததா? பைக்குள் ஒரு பச்சை ஃபைல் இருந்திருக்கும், அதை அப்படியே அவரிடம் கொடுத்துவிட முடியுமா? அந்த வீட்டுச் சாவியை என்ன பெயருள்ள ஆளிடம், என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்?

திரைச்சீலை நீல நிறமா என்றும் எழுதுங்கள்.

பணிவுடன்
சறோஜா


பலெர்மோ
2 யூலை 2024

சறோஜாவுக்கு,

சுகம் விசாரிக்க இன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். இருக்காமல் என்ன?

சப்பாத்து கிடைத்தது. திரைச்சீலை நீலம்தான். புருஷன் கால் முறிந்து கிடக்கிறான், இவள் திரைச்சீலையைக் கேட்கிறாளே என்று யோசித்தேன். யோசித்த கையோடு பச்சை ஃபைலைத் திறந்தேன். திறக்காதே என்று நீ எழுதவில்லை. எழுதியிருந்தாலும் திறந்திருப்பேன். என் குணம் உனக்குத் தெரியும்.

உள்ளே முதல் பேப்பர், உன்னை இங்கே எடுப்பிக்க அரசாங்கம் கொடுத்த அனுமதி. திகதியைக் கண்ணாடி போட்டு மூன்று தரம் பார்த்தேன். 2022 மார்ச். இரண்டு வருடத்துக்கு முன்னரே சரிவந்துவிட்டது! ஆறு மாதத்துக்குள் நீ கொழும்புக்குப் போய் விசாவுக்குக் கொடுத்திருந்தால் இந்நேரம் இங்கே இருந்திருப்பாய். ஆறு மாதமும் கழிந்து அது செத்துப்போயிற்று.

அனுமதி கொடுக்கிற அந்தக் கந்தோருக்கு நான் எத்தனை தரம் போனேன் தெரியுமா? "ஏன் இன்னும் வரவில்லை?" என்று அங்கே இருந்த பிள்ளையை அழப்பண்ணியிருக்கிறேன். அவள் "அனுப்பிவிட்டோம் சினோரா, அனுப்பிவிட்டோம்" என்று சொல்லச் சொல்ல, பொய் சொல்கிறாய் என்று கத்தினேன். பொய் என் வீட்டுக்குள் இருந்திருக்கிறது.

இரண்டாவது பேப்பர், லேனி வீட்டுக்கு றோபேட்டின் பெயரில் எழுதின ஒப்பந்தம். இந்த வருடம் மே ஐந்தாம் திகதி கையெழுத்து. நான் சாவியைக் கொடுத்தது அந்த வீட்டுக்கு. சினோரா நுன்சியா என்பது வீட்டுக்காரியின் பெயர். "இனி வேண்டாம்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவள் இரண்டு தரம் "நிச்சயமாகவா?" என்று கேட்டாள். "நிச்சயம்" என்றேன்.

இவனைக் கேட்டால் வாய் திறக்கிறான் இல்லை. நீ சொல். ஏன் வரவில்லை? என்னிடம் ஏன் மறைத்தீர்கள்?

கிளறா


பலெர்மோ
10 ஓகஸ்ட் 2024

அன்புள்ள சறோஜா,

சுகமா? உண்மையாகத்தான் கேட்கிறேன். ஐந்து கிழமைக்கு மேலாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஒருநாளும் நீ இப்படி இருந்ததில்லை. கடையில் சனம் வந்தால் "சறோஜா எப்பிடி, எப்ப வாறா?" என்று கேட்கிறது. "பேப்பர் சுணங்குது" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, பிறகு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

றோபேட்டின் காலுக்குப் போட்ட மட்டைக்கட்டை வெட்டியாயிற்று. ஊன்றுகோலோடு நடக்கிறான். ஆனால் கீழே இறங்கான். யூலையில் சாந்தா றொசாலியா திருவிழா. எங்கள் சனம் சைவம், கிறிஸ்தவ வேதம் என்ற வித்தியாசம் இல்லாமல் வெறுங்காலோடு பெல்லெக்ரினோ மலைக்கு ஏறிப் போனது. இவன் யன்னலில் நின்று அந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். இங்கே நிற்கிற எந்த ஞாயிறும் அந்த மலைக்குப் போகாமல் விட்டவன் இல்லை. பக்தி என்று நினைத்திருந்தேன். கடையிலிருந்து தப்பி ஓடியிருக்கிறான் என்று இப்போது ஒரு சந்தேகம்.

அகஸ்ரீனாவை உனக்குத் தெரியாது, கருவாடு வாங்க வருகிற மனுசி. "கிளறாக்கா, உங்கடை தம்பி மேலை மறியல்லை இருக்கிறாரோ?" என்று பகிடி விட்டாள். என் மேல் அறை சிறையாம்! எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று ஒட்டிய உறையொன்றைத் தந்தான். "அக்கா, இதைச் சறோவுக்குப் போட்டுவிடுங்கோ. பிரிக்காதேங்கோ." பிரிக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அதை இதோடு வைக்கிறேன்.

மறுமொழி போடு, பிள்ளை.

கிளறா


(கூட வைத்தது)

9 ஓகஸ்ட்

என் சறோவுக்கு,

நீ சுகமாக இருக்கவேணும். நான் சுகம். கால் வளைகிறது.

அக்காவின் போனில் கதைக்கும்போது அக்கா பக்கத்தில் நிற்பா. அதுதான் உன்னோடு சரியாகக் கதைக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

வீட்டு ஒப்பந்தம் கையில் வந்த அன்றைக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். இரண்டு மலையையும் ஒரே நாளில் வெறுங்காலோடு ஏறி இறங்குவேன் என்று. பெரிய மலை என்னுடைய மாதாவுக்கு, சின்ன மலை உன்னுடைய பிள்ளையாருக்கு. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. விடியற்காலை, இரண்டு மலைக்கும் நடுவில் உள்ள மாதா கோயில் வாசலில் சப்பாத்தையும் பையையும் வைத்தேன். யாரும் எடுக்கமாட்டார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. நல்லூர்க் கோயிலில் விட்டால் எடுப்பார்களா? பெர்மெஸ்ஸோவும் பைக்குள்தான். கடவுளிடம் போகப் பேப்பர் எதற்கு?

பெரிய மலைக்கு நல்ல பாதை. பைன் மரத்துச் சருகு காலுக்கு மெத்தை மாதிரி. உச்சியில் எரிமலையின் பழைய வாய் இருக்கிறது. நெருப்பு இல்லை, முழுக்கப் பன்னச் செடி. குளத்தை இறைத்துவிட்டுப் பச்சை நிரப்பினது போல. அங்கிருந்து பார்த்தால் வடகிழக்கே ஸ்ரொம்போலி தீவு கடலுக்கு நடுவில் நின்று புகைக்கும். சனத்தைக் கூட்டிக்கொண்டு போகும்போது எல்லோரும் அங்கே நின்று படம் எடுப்பார்கள். நான் கடைசியில் வருவேன். எனக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக்கூடாது, அதுதான் சட்டம். மூச்சு வாங்குகிறவன், அழுகிறவன், சண்டை பிடித்துக்கொண்டு பின்தங்குகிற புருஷன் பெண்சாதி, எல்லோரும் என் கணக்கு. ஒருவரையும் அவசரப்படுத்தமாட்டேன். நீ வந்தால் உன்னையும் அப்படித்தான் கூட்டிக்கொண்டு போவேன்.

இறங்கிக் கோயிலில் தண்ணீர் குடித்துவிட்டு மற்ற மலைக்கு ஏறினேன். அதற்குப் பெயரே லீக்ஸ் மலை, நாங்கள் கறி வைக்கிற அந்த லீக்ஸ்தான். சொன்னால் நீ சிரிப்பாய். அதில் மண் இல்லை. எரிந்த சல்லிக்கல். ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். சப்பாத்தோடு நூறு தரம் போயிருக்கிறேன், வெறுங்காலோடு போனதில்லை. உச்சியில் உடைக்க ஒரு தேங்காய் கொண்டு போனேன். ஒரு கையில் தேங்காய். உச்சிக்குக் கால் மணித்தியாலம் இருக்கும்போது கல் உருண்டது. பக்கத்தில் ஒரு பற்றை இருந்தது, சறோ. எட்டிப் பிடித்திருக்கலாம். கையில் உன் சாமியின் தேங்காய். விட மனம் வரவில்லை.

ஒரு பிரெஞ்சுச் சோடி கண்டது. அந்தப் பெண் என் காலைப் பார்த்து அழுதுகொண்டு, "எந்தப் படகில் வந்தாய்?" என்று கேட்டாள். "மிலாட்ஸோவிலிருந்து, ரிக்கற் எடுத்து" என்றேன். அவள் இன்னும் கூட அழுதாள்.

மாதாவின் மலை முடிந்தது. பிள்ளையாரின் மலை முடியவில்லை. அதனால்தான் வீடும் கைவிட்டுப் போயிற்று என்று எனக்கு ஒரு பயம். அக்காவில் கோபம் இல்லை. அவ அப்படித்தான். ஆனால் இந்த அறையில் கருவாட்டு மணத்துக்கு நித்திரை வருகுதில்லை.

உன்
றோபேட்


அளவெட்டி
2 செப்ரெம்பர் 2024

மதிப்புக்குரிய மச்சாளுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். உங்கள் யூலைக் கடிதத்துக்கு நான்கு மறுமொழி எழுதிக் கிழித்தேன். அவருடைய கடிதம் கிடைத்த பிறகு இதை எழுதுகிறேன். ஒட்டினபடியே அனுப்பியிருந்தீர்கள். உறை பிரித்து ஒட்டப்பட்டதா என்று எனக்குப் பார்த்தவுடன் தெரியும், இருபது வருடமாக அதுதான் தொழில். அதனால்தான் உண்மை எழுதலாம் என்று தோன்றியது.

2022 இல் அனுமதி வந்தபோது கொழும்புக்குப் போக உடுப்பு அடுக்கிவிட்டேன். அந்தக் கிழமை நீங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டீர்கள். கடையில் ஓர் ஆணி, அதில் புது ஏப்ரன், அதில் இத்தாலி எழுத்தில் என் பெயர் தைத்திருந்தது. "உனக்கு எல்லாம் றெடி. கருவாட்டுப் பக்கம் நீ, தூள் பக்கம் நான். மேல் அறை உங்கள் இரண்டு பேருக்கும்" என்று எழுதியிருந்தீர்கள்.

அன்றைக்கு இரவு என்னால் சாப்பிட முடியவில்லை. மச்சாள், என் பெயர் இங்கே தபாலகத்தில் ஒரு பலகையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வரத் தயாராக இருந்தேன், அவருக்காக. அந்த ஏப்ரனைப் பார்த்தபோதுதான் யாரிடம் போகிறேன் என்று தெரிந்தது. வேலை நீங்கள் தந்தது, வீடு நீங்கள் தந்தது, கதவுக்குச் சாவியும் உங்கள் இடுப்பில். முப்பத்தேழு வயதில் நான் கேட்டது, உள்ளே இருந்து பூட்டக்கூடிய ஒரு கதவு. "உங்கள் அக்காவின் சாவி போடமுடியாத வீடு ஒன்று எடுங்கள், அடுத்த நாள் வருவேன்" என்று அவருக்குச் சொன்னேன். அவர் உங்களிடம் சொல்லப் பயந்தார். நானும் பயந்தேன். அதனால்தான் அந்த மொண்டெல்லோப் பொய்.

இரண்டு வருடம் மற்றவர்களுக்குப் பின்னால் நடந்து அந்த வீட்டை எடுத்தார். நீலத் திரைச்சீலை நான் இங்கே தைத்து, பலெர்மோவுக்கு வந்தவர்களிடம் கொடுத்துவிட்டது. அந்தச் சாவியை நீங்கள் ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிட்டு வந்தீர்கள்.

உங்களைத் திட்ட எழுதவில்லை. நீங்கள் கேட்டீர்கள்.

சறோஜா


பலெர்மோ
30 செப்ரெம்பர் 2024

சறோஜாவுக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாள்.

ஏப்ரன் இன்னும் அந்த ஆணியில்தான் தொங்கியது. அதைத் தைப்பித்த அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? முப்பது வருடத்துக்கு முதல் நான் இங்கே வந்து இறங்கியபோது ஒருவரும் எனக்கென்று ஒரு துண்டுத் துணி எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைத்திருந்தால் அழுதிருப்பேன். நீயும் அப்படித்தான் என்று நினைத்தேன். நீ சாப்பிடாமல் படுத்தாய் என்று வாசித்ததிலிருந்து என் தலை ஓடவில்லை. சாமானுக்கு மாறி விலை சொல்கிறேன்.

றோபேட்டைக் கேட்டேன். "டேய், நான் உன்னை மறியலிலையோ வைச்சிருந்தனான்?"

"மறியலிலை எண்டா ஒருநாள் விடுவாங்கள் அக்கா" என்றான்.

கேலியாகத்தான் சொன்னான். 

ஏப்ரனைக் கழற்றிவிட்டேன். கடையை அகஸ்ரீனாவிடம் விட்டுவிட்டு, நாளைக்கு இவனையும் கூட்டிக்கொண்டு தீவுக்குப் போகிறேன். இதற்கு மேல் எழுத வரவில்லை.

கிளறா


லேனி, சலினா
21 ஒக்ரோபர் 2024

அன்புள்ள சறோஜா,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே, அது இப்போது என்னோடு கதைப்பதில்லை.

முதலில் வியாபாரம். வீடு இன்னும் காலி. கோடையில் சுற்றுலாச் சனத்துக்கு விட்டு நல்ல காசு பார்த்திருக்கிறாள் சினோரா நுன்சியா. "மே மாதம் வேண்டாம் என்றாய், இப்போது வேண்டும் என்கிறாய். உன்னை எப்படி நம்புவது?" என்று கேட்டாள். அவளிடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். பிணைக்கு ஓர் ஆள் கையெழுத்து வைக்கவேணும் என்கிறாள். பேனையை எடுத்துவிட்டேன். பிறகு பேனையைக் கீழே வைத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கையெழுத்து வைக்கக்கூடாது.

இனி மற்றது. நேர்த்தி பாதியில் நின்றதென்று இவன் இரவெல்லாம் புரள்கிறான். வைத்தியர், மாரிக்குப் பிறகுதான் மலை என்கிறார். வீட்டு ஆள் ஒருவர் முடித்துக் கொடுக்கலாம் என்பது எங்கள் வழக்கம். நீ அங்கே. நான்தான் இங்கே.

"அக்கா, உங்களாலை ஏலாது."

"எத்தினை வருஷம் நாலு மாடிப் படி துடைச்சனான். உன்ரை லீக்ஸ் மலை எனக்குப் பெரிசோ?"

பெரிதுதான், பிள்ளை. மார்த்தினா ஒருநாள் கூலிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கால்வாசி ஏறினதும் நெஞ்சு அடித்தது. வெறுங்காலோடு போகவில்லை. பிள்ளையாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: தேங்காய் பெரியதாகத் தருவேன், சப்பாத்து மட்டும் அனுமதிக்கவேணும் என்று. வழமையில் எங்கேயும் நான் முன்னால் போகிறவள். இங்கே பாதை தெரியாது, மார்த்தினா முன்னால், நான் பின்னால். ஒரு பெட்டையின் குதிக்காலையே பார்த்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் நடந்தேன். நான் நின்றால் அவளும் நிற்பாள். ஒரு தரமும் "கெதியா வா" என்று சொல்லவில்லை. இதை உங்கள் றோபேட்டிடம் பழகினேன் என்றாள்.

அவன் விழுந்த இடத்தைக் காட்டினாள். அந்தப் பற்றை இருக்கிறது. கையை நீட்டினால் பிடிபடும்.  கீழே பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. மலை அப்படியே கடலுக்குள் போகிறது. கணுக்காலோடு நின்றது எந்த மாதாவின் புண்ணியமோ, எந்தப் பிள்ளையாரின் புண்ணியமோ. இவன் இங்கே ஏறித் திரிந்த காலத்தில் நான் கடையில் இருந்து, தம்பி மொண்டெல்லோவில் கோப்பை கழுவுகிறான் என்று சனத்துக்குப் பெருமை பேசியிருக்கிறேன்.

உச்சியில் தேங்காயை ஓங்கி அடித்தேன். ஒரே அடி, சரிபாதி. சிரட்டையைப் பொறுக்கச் சொன்னாள் மார்த்தினா, இது காக்கப்பட்ட காடாம். பொறுக்கினேன். அவளுக்கும் ஒரு துண்டு தேங்காய்ச் சொட்டுக் கொடுத்தேன், கடித்துக்கொண்டு நின்றாள். எதிரே பெரிய மலை நின்றது. இரண்டுக்கும் நடுவில் கோயில். கோயில் வாசலில் ஒரு புள்ளி. என் தம்பி. ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டினான். அவ்வளவு உயரத்தில் நின்று பார்த்தபோதுதான், சறோஜா, அவன் ஒருநாளும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. கேட்க நான் இடம் விட்டதில்லை.

பிணைக்கு நான் கையெழுத்து வைக்கட்டுமா? நீ சொல்கிறபடி.

கிளறா


அளவெட்டி
14 நவம்பர் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நலம். உங்கள் கடிதத்தைத் தபாலகத்தில் நின்றபடியே வாசித்தேன். வரிசையில் நின்றவர்கள் "என்ன அம்மா, ஏதும் கெட்ட சேதியோ?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். என் மச்சாள் மலை ஏறினவ என்றேன். ஒருவரும் நம்பவில்லை. எனக்கும் நம்ப இரண்டு நாள் எடுத்தது.

பிணைக்கு நீங்கள் கையெழுத்து வைக்கவேண்டாம். உங்கள் பெயர் அந்த வீட்டுப் பேப்பரில் எந்த மூலையிலும் இருக்கக்கூடாது. கோபத்தில் எழுதவில்லை. இருந்தால், ஒரு மழைநாளில் ஏதோ ஒரு சண்டையில் நீங்கள் அதைச் சொல்லிக் காட்டுவீர்கள். நானும் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் கையெழுத்து இல்லாமல் அந்த வீடு கிடைத்தால் வருவேன். கிடைக்காவிட்டால் அவரை இங்கே வரச் சொல்வேன். மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை. வருகிற வைகாசியில் எனக்கு நாற்பத்தொன்று.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசுங்கள்.

சறோஜா


பலெர்மோ
12 டிசெம்பர் 2024

அன்புள்ள சறோஜா,

சுகம். எண்ணெய் பூசினேன், நோவு கொஞ்சம் குறைவு. நீ சுகமாக இரு, நிறைய வேலை இருக்கிறது.

உன் கடிதத்தை வாசித்து முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு சொல்லிக் காட்டமாட்டேனா என்று என்னையே கேட்டேன். காட்டுவேன். நீ என்னைத் தராசில் சரியாக நிறுத்திருக்கிறாய்.

மறுபடியும் தீவுக்குப் போனேன். சினோரா நுன்சியா கேப்பர் மொட்டு பறித்து உப்பில் போட்டு விற்கிறவள். அவளும் வியாபாரி. எங்கள் இரண்டு பேருக்கும் மொழி ஒன்றுதான்.

"பிணை இல்லாமல் வீடு தா" என்றேன்.

"எனக்கு என்ன லாபம்?" என்றாள்.

"உன் கேப்பர் முழுக்க நான் எடுக்கிறேன்."

"என்ன விலைக்கு?"

"நீ சொல்கிற விலைக்கு."

கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றவள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். றோபேட் ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டான். விலை பேசாமல் நான் ஒரு சாமானும் வாங்கி அவன் கண்டதில்லை. அவள் கிலோ பதினெட்டு ஈரோ என்றாள். பன்னிரண்டுக்கு வாங்கலாம், சறோஜா, பன்னிரண்டுக்கு! நாக்கு நுனியில் நின்றது. கடித்துக்கொண்டு "சரி" என்றேன். இதை நான் மறைத்துச் செய்தால் அதுவும் இன்னொரு மொண்டெல்லோ. அதனால் எழுதுகிறேன். இது எனக்கும் அவளுக்கும் உள்ள வியாபாரம். வீட்டுப் பேப்பரில் என் பெயர் இல்லை, கேப்பர் பேப்பரில் உங்கள் பெயர் இல்லை. வேண்டாம் என்றால் இதோடு அனுப்புகிற சாவியைத் திருப்பி அனுப்பு, நான் கேப்பரை எப்படியும் விற்றுக்கொள்வேன்.

மார்த்தினா சித்திரையில் இவனைத் திரும்ப எடுக்கிறாள், கடைசி ஆளாக. அதுவரை மலை ஏறுகிறவர்களுக்குத் தடி கொடுத்துத் திருப்பி வாங்குகிற வேலை. நீ அங்கே இருந்தால் தபால் வேலை தெரிந்த ஆளுக்கு அந்தத் தீவில் என்ன செய்யலாம் என்று எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. கேட்கும்வரை சொல்லமாட்டேன்.

இந்த உறைக்குள் இரண்டு சாவி. பதிவுத் தபாலில் போட்டிருக்கிறேன், உன் கந்தோரிலேயே நீ கையெழுத்து வைத்து எடுக்கவேணும். வேறு சாவி இல்லை. சினோராவும் வைத்திருக்கவில்லை. றோபேட் நீ வரும்வரை அவளுடைய பின்அறையில் படுப்பான். வீட்டை நீ வந்துதான் திறக்கவேணும் என்று அவனே சொன்னான். புது ஒப்பந்தத்தை வைத்து உன் அனுமதிக்குத் திரும்பவும் எழுதிப் போட்டிருக்கிறான்.

ஒப்புக்கொண்டது இவ்வளவும்தான். நான்கு வருட ஒப்பந்தம், உங்கள் இரண்டு பேரின் பெயரிலும். வாடகை மாதம் இருநூற்று ஐம்பது ஈரோ. கேப்பர் வருடத்துக்கு நாற்பது கிலோ, கிலோ பதினெட்டு. நான் வந்தால் கதவைத் தட்டுவேன். நீ திறந்தால் இரண்டு இரவு, அதற்கு மேல் இல்லை.

கிளறா